ஸ்ட்ராங்கான குதிரைன்னு எழுதிக் கொடுத்தும் கும்பலோட ஓட விட்டீங்க – ரீஃபண்ட் கேட்டு புகார்

மேனேஜர் சாருக்கு வணக்கம்,

ஓசூர் பக்கம் இருக்கற உங்க பண்ணையில போன மாசம் கிராஸ் கன்ட்ரி ஸ்கூலிங் (வெளி மைதானத்துல கட்டை, பள்ளம் தாண்டி ஓட குதிரையைப் பழக்கறது) பேக்கேஜ் எடுத்த கஸ்டமர் நான். இதைப் பத்தி ஏற்கனவே மெயில் போட்டாச்சு, உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டே வரில பதில் வந்துச்சு, "உங்க குதிரை கிராஸ் கன்ட்ரிக்கு லாயக்கில்ல, நாங்க பொறுப்பாக முடியாது"ன்னு. அந்த ரெண்டு வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

உங்க புக்கிங் ஃபார்ம்ல "குதிரையைப் பற்றி"ன்னு ஒரு கட்டம் இருக்கு இல்ல, அதுல நான் எழுதினது இதுதான்: பேரு சிட்டு, தரோபிரெட் (ரேஸ் ஜாதி), கெல்டிங் (காயடிச்ச ஆண் குதிரை), கிண்டில ரேஸ் ஓடினவன், ஜம்ப்னா உசுரு, முன்னாடி இன்னொரு குதிரை ஓடினா கையில நிக்க மாட்டான், அதனால தனியாத்தான் பண்ணணும். இதை வாங்கிக்கிட்டு "ஸ்ட்ராங் குதிரைக்குன்னே ஸ்பெஷல் ஒன் டு ஒன் இருக்கு மேடம்"னு நீங்க போட்ட வாட்ஸ்அப் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு. அதுக்குத்தான் 18,000 ரூபா கட்டினேன். குரூப் செஷன் 7,000-ன்னு உங்க ரேட் கார்டுலயே போட்டிருக்கு, அது போதும்னா நான் அதையே எடுத்திருப்பேனே.

ராத்திரி முழுக்க சென்னைலேருந்து வண்டில நின்னுக்கிட்டே வந்த குதிரையை இறக்கி, தண்ணி காட்டி, சேணம் போட்டு ஃபீல்டுக்குப் போனா அங்க ஏற்கனவே அஞ்சு குதிரை சுத்திக்கிட்டு இருக்கு. கேட்டா, தனி ஸ்லாட் கேன்சல் ஆயிடுச்சு, எல்லாரும் ஒன்னாவே பண்ணிடலாம்னு உங்க கோச் சொல்றாரு. ஃபார்ம் படிச்சீங்களான்னு கேட்டேன், "எந்த ஃபார்ம்?"னாரு. "ஒன்னும் ஆகாது மேடம், முன்னாடி ஒரு குதிரை போனா இவனுக்கும் தைரியம் வரும்"னு வேற. அது பயந்த குதிரைக்கு சொல்ற வைத்தியம் சார்! பள்ளத்தைப் பார்த்து நடுங்கற குதிரைக்கு முன்னாடி ஒருத்தன் போனா உதவும், சரி. இவனுக்கு தைரியம் பத்தலன்னு யாரு சொன்னது?

ரேஸ் குதிரைக்கு லகானை இழுத்தா என்ன அர்த்தம்னு உங்க கோச்சுக்கு யாராவது சொல்லிக் கொடுங்க. ட்ராக்ல ஜாக்கி ரெண்டு லகானையும் ஒன்னு மேல ஒன்னு சேர்த்து கழுத்துல அழுத்திப் பிடிப்பாரு, குதிரை அந்த வெயிட் மேல சாஞ்சுக்கிட்டேதான் ஓடும், வாயில வெயிட் ஏற ஏற ஓடணும்னுதான் அது புரிஞ்சுக்கும். 1200 மீட்டரை ஒன்னேகால் நிமிஷத்துல ஓடி முடிக்கற குதிரைங்க இதுங்க, அதாவது நிமிஷத்துக்கு 960 மீட்டர். இங்கிலாந்துல 90 செ.மீ. லெவல் கிராஸ் கன்ட்ரிக்கு வெச்சிருக்கற ஸ்பீடு நிமிஷத்துக்கு 450 மீட்டர். அங்க பேட்மின்டன்ங்கற ஊர்ல 1949-லேருந்து நடக்கற குதிரைப் போட்டி, உலகத்துலயே பெரிய போட்டிகள்ல ஒன்னு, அங்கயே 570 தான். சிட்டுவுக்கு வேகம் கத்துக்கொடுக்க யாரும் தேவையில்ல, பாதி வேகத்துல பேலன்ஸா வர்றதுக்கும், ஜம்ப்புக்கு அப்புறம் கேட்டா நிக்கறதுக்கும் கத்துக்கொடுக்கணும், நான் காசு கட்டினது அதுக்கு.

நடந்தது என்னன்னா, லைனா நிக்க வெச்சு, முதல் குதிரையை நேரா லாங் கேன்டர்ல (நடுத்தர வேக ஓட்டம்) மூணு மரக்கட்டைக்கு விட்டீங்க, அதுக்குப் பின்னாடியே சிட்டுவை விடச் சொன்னாரு. அதுவும் எல்லா ஃபென்ஸும் லாயத்தைப் பார்த்த மாதிரி, இறக்கத்துல. வீட்டு திசையில, சரிவுல, இன்னொரு குதிரை பின்னாடி – இழுக்கற குதிரையை இன்னும் இழுக்க வைக்கணும்னு யாராவது உக்காந்து பிளான் போட்டாக்கூட இவ்ளோ கச்சிதமா வராது. ரெண்டாவது கட்டைக்கு முன்னாடி அவன் கேலப்புக்கு (முழு வேக ஓட்டம்) மாறிட்டான், கோச் "இழுங்க மேடம், இழுங்க"ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. என் கிளவ்ஸ் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல கிழிஞ்சு தோலும் சேர்ந்து போச்சு, போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. மூணாவது கட்டையை தூரத்துலேருந்தே தாவிட்டான், நல்ல நேரம் தாண்டிட்டான்.

ஷோ ஜம்பிங்ல கம்பு தட்டினா கம்பு விழும், கிராஸ் கன்ட்ரில கட்டை விழாது, குதிரைதான் விழும். முன்னங்கால் மாட்டினா குட்டிக்கரணம் அடிச்சு ஓட்டறவங்க மேலயே விழும், இந்த விளையாட்டுல உயிர் போறது பெரும்பாலும் அப்படித்தான். அதனாலதான் பெரிய கோர்ஸ்ல எல்லாம் அடி பட்டா கழண்டு இறங்கற மாதிரி பின்னும் கிளிப்பும் மாட்டறாங்க. உங்க ஃபீல்டுல எல்லாமே அசையாம அடிச்சு வெச்ச கட்டைங்க. அது தப்புன்னு சொல்லல, சின்ன ஹைட்டுக்கு ஓகே, ஆனா அதுக்கேத்த நிதானம் சொல்லிக்கொடுக்கறவங்ககிட்ட இருக்கணும் இல்லையா.

இதுக்கு அப்புறம் பண்ணின வேலைதான் என்னால ஜீரணிக்கவே முடியல. நான் இறங்கி கையை கழுவிட்டு வர்றதுக்குள்ள, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, என் ஸ்னாஃபிலை (வாயில போடற சாதாரண இரும்பு பிட்) கழட்டிட்டு உங்க சேணம் வைக்கற ரூம்லேருந்து ஒரு கேக் (gag) பிட்டை, அதாவது அதை விட கடுமையானதை, மாட்டி லகானை கடைசி வளையத்துல கோத்து, உங்க கோச்சே ஏறி உக்காந்துட்டாரு. கேக் பிட்டே கூடாதுன்னு நான் சொல்ல வரல, பெரிய பெரிய ரைடருங்களே கிராஸ் கன்ட்ரிக்கு போடறாங்க, ஆனா அவங்க ஒரு தடவ கேட்டுட்டு உடனே விட்டுடுவாங்க. இவரு விடவே இல்ல. கேக் வாயோட மூலையை மேல தூக்கும், உச்சந்தலைய கீழ அழுத்தும், தொடர்ந்து பிடிச்சு இழுத்தா குதிரை தலையைத் தூக்கி முதுகைக் குழிச்சுக்கும், அப்படி வந்தா கட்டையை சரியா பார்க்கவும் முடியாது, முதுகை வளைச்சு தாண்டவும் முடியாது. சிட்டு பின்னங்காலால கட்டையை டமார்னு அடிச்ச சத்தம் உங்க ஆபீஸ் ரூம்வரைக்கும் கேட்டிருக்கும். இறக்கி பிட்டைக் கழட்டினா நுரை ரோஸ் கலர்ல இருக்கு, இடது பக்க வாய் ஓரத்துல தோல் உரிஞ்சு ஒரு நகம் அளவுக்கு வெட்டு. இந்த அழகுல பில்லுல "பிட் வாடகை 500" வேற! யாரு சார் கேட்டா?

உங்க இடத்துல விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள் குதிரையைப் பார்த்துக்கற அந்த வயசான சைஸ் (syce) அண்ணன்தான். அவருதான் "இவனை தனியா விடணும்மா, காலைல எல்லாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வாங்க"ன்னாரு. மறுநாள் வாயில இரும்பே இல்லாம, நான் கொண்டு போயிருந்த ஹேக்கமோர் (மூக்கு மேல அழுத்தற கடிவாளம்) மாட்டி, லாயத்துக்கு எதிர் திசையில, மேட்டைப் பார்த்து இருந்த ஒரு சின்ன கட்டைக்கு மட்டும் போனோம். நடையில அதைச் சுத்தி வந்தோம், ட்ராட்ல (மெதுவான ஓட்டம்) வட்டம், அவன் காதை விறைச்சு வேகம் எடுத்தா கட்டைக்குப் போகாம திரும்பவும் வட்டம், மூச்சு விட்டு கழுத்தை இறக்கினப்போ மட்டும் ட்ராட்லயே தாண்ட விட்டேன். தாண்டினதும் நேரா நிறுத்தி, லகானை விட்டு, கழுத்துல தட்டிக் கொடுக்கறது. தோளை பின்னாடி வெச்சு, காலை ஒட்டி வெச்சு, விரலை மூடி உடனே திறக்கணும், அவ்ளோதான், இழுத்துக்கிட்டே இருந்தா அவன் சாஞ்சுக்க நாமளே சுவர் கட்டிக் கொடுத்த மாதிரி. கொஞ்ச நேரத்துல கேன்டர்ல வந்து தாண்டிட்டு, கேட்ட இடத்துல நின்னான். அண்ணன் அந்தப் பக்கம் பீடியை அணைச்சுட்டு "பாத்தீங்களா"ன்னு சிரிச்சாரு. இதுவா லாயக்கில்லாத குதிரை?

2018 ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ்ல நம்ம ஃபவாத் மிர்ஸா எவண்டிங்ல (கிராஸ் கன்ட்ரியும் சேர்ந்த குதிரைப் போட்டி) ரெண்டு வெள்ளி வாங்கினதுலேருந்து இந்தப் பக்கம் நிறைய பேருக்கு ஆசை வந்திருக்கு, முக்கால்வாசி பேர் என்னை மாதிரி ரேஸ் முடிஞ்ச தரோபிரெட்டை வெச்சுத்தான் ஆரம்பிக்கறாங்க, ஏன்னா நமக்கு கட்டுப்படியாகற விலையில கிடைக்கறது அதுதான். உங்ககிட்ட வர்ற குதிரைல பாதி சிட்டு மாதிரிதான் இருக்கும், அதுக்கு ரெடியா இல்லன்னா "ஸ்ட்ராங் ஹார்ஸ் ஸ்பெஷல்"னு போர்டு எதுக்கு?

எனக்கு வேணும்கறது இதுதான். நீங்க கொடுத்தது குரூப் செஷன், அதனால வித்தியாசம் 11,000 திரும்ப வேணும், பிட் வாடகை 500, வெட் (கால்நடை டாக்டர்) பில் 3,200, இதோட இணைச்சிருக்கேன். அப்புறம் உங்க இன்ஸ்டாகிராம்ல சிட்டு வாயைத் திறந்துக்கிட்டு தலையைத் தூக்கற வீடியோவை "அடங்காத காளையை அடக்கினோம்"னு போட்டு வெச்சிருக்கீங்க, என்கிட்ட பர்மிஷன் வாங்கல, உடனே எடுங்க. காளையாம், அவன் கெல்டிங்னு ஃபார்ம்லயே எழுதியிருக்கு! இனிமே ஓனர் கிட்ட கேக்காம யாரோட குதிரைக்கும் பிட் மாத்தக் கூடாதுன்னு உங்க கோச்சுக்கு எழுத்துல சொல்லி, அதோட காப்பியை எனக்கு அனுப்புங்க.

15 நாள் டைம் தரேன். பணமும் பதிலும் வரலன்னா கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணிட்டு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன், மெசேஜ், பில், போட்டோ, வெட் ரிப்போர்ட் எல்லாம் கையில இருக்கு. அந்த சைஸ் அண்ணன் எனக்கு உதவினாருன்னு அவர் மேல பாயாதீங்க, முடிஞ்சா சம்பளத்தை ஏத்திக் கொடுங்க.

இப்படிக்கு,
சிட்டுவோட ஓனர், சென்னை