கருவிகளோடு வந்து பக்கத்தில் அமர்ந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம்.

நம் பொதுப் பட்டறை தொடங்கி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைவடைகிறது. ஒரு மேசை, ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி, இரவல் வாங்கிய சில கருவிகள் ஆகியவற்றோடு திறந்த அறையில், இன்று மேசைகள் போதாமல் சிலர் தரையில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். உதவியவர்களுக்கு நன்றி சொல்ல அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினாலே போதும் என்று சிலர் சொன்னார்கள். யார் என்ன செய்தார் என்று சொல்லாத நன்றி பாதி நன்றியாகவே நின்றுவிடும் என்பதால் இம்மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டபடி எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது உங்கள் வேலை உங்களுக்கே அடையாளம் தெரியும்.

முதல் மூன்று மாதங்களில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லியாக வேண்டும். 1998-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்ற பாடத்தைத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மாணவர்கள் வந்தார்கள் என்பதையும், ஃபேப் லேப் எனப்படும் பொதுப் பட்டறைகள் அதிலிருந்தே உலகெங்கும் கிளைத்தன என்பதையும் படித்திருந்தேன். இயந்திரம் இருந்தால் மக்கள் தாமாக வருவார்கள் என்று அதற்குப் பொருள் கொண்டேன். வந்தார்கள், அச்சுப்பொறி ஒரு சிறு பொம்மையை அடுக்கடுக்காக எழுப்புவதை வியப்போடு பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் கைக்கு நான் வேலை எதுவும் வைத்திருக்கவில்லை. அந்த மாணவர்களை வரவழைத்தது இயந்திரமல்ல, தமக்கு வேண்டிய ஒன்றைத் தாமே செய்துகொள்ளலாம் என்ற ஆசை என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

அதைப் புரியவைத்தவர் நமக்கு இடம் தந்த நூலகத்தின் பணியாளர். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்பவர் ‘ரிப்பேர் கஃபே’ என்ற பெயரில் தொடங்கிய பழுதுபார்க்கும் கூடுகையைப் பற்றிச் சொல்லி, “வீட்டில் உடைந்து கிடப்பதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், வருவார்கள்” என்றார். மாதத்தில் ஒரு நாள் அவ்வாறே அறிவித்தோம். சுழலாத மின்விசிறிகளும், சூடேறாத இஸ்திரிப் பெட்டிகளும், நின்றுபோன கடிகாரங்களும் வந்தன. பொருளைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது, உரிமையாளரே அமர்ந்து திருகைக் கழற்ற வேண்டும் என்ற ஒரே விதியையும் அவர்தான் வகுத்தார். அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

அந்த நாள்களில் தையல் மேசையை ஏற்றுக்கொண்ட அம்மா அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடிநூல் தளர்ந்து துணியின் மேற்பக்கத்தில் எட்டிப்பார்ப்பதாகச் சொல்லி ஒரு சிறுமி தன் வீட்டுத் தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்தாள். அம்மா அதைத் தொடவில்லை. அடிநூல் இருக்கும் பாபின் பெட்டியை வெளியே எடுக்கச் சொல்லி, அதன் நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடச் சொன்னார். பெட்டி அந்தரத்தில் நிற்க வேண்டும், கையை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் மட்டும் இறங்க வேண்டும், சரசரவென்று இறங்கினால் பிடி தளர்ந்திருக்கிறது, அசையவே இல்லையென்றால் இறுகியிருக்கிறது என்று விளக்கி, பக்கவாட்டிலுள்ள சின்னஞ்சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பவைத்தார். சிறுமி நான்கு முறை தப்பாகத் திருப்பினாள். நான்கு முறையும் அம்மாவின் கைகள் மடியிலேயே இருந்தன. ஐந்தாம் முறை தையல் நேராக விழுந்தபோது அவள் முகத்தில் கண்ட மலர்ச்சியை அச்சுப்பொறியின் முன் நின்ற எவரிடமும் நான் கண்டதில்லை. கற்றுக்கொடுப்பவர் கையைக் கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஐயாவும் அதே பொறுமையோடு மின்கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தார். பற்றவைக்கும் கோலின் சூடான முனையில் ஈயத்தை உருக்கிச் சொட்டவிடாமல், கம்பியையும் தகட்டையும் முதலில் சூடேற்றிவிட்டு, ஈயம் அந்தச் சூட்டுக்குத் தானாக ஓடிப் பாயும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை அவர் எத்தனை பேருக்கு எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. லேசர் வெட்டுப்பொறி வந்த வாரத்தில், மிச்சமிருந்த பி.வி.சி. தகடுகளை அதில் வெட்டிப் பார்க்கலாம் என்று நாங்கள் கிளம்பியபோது தடுத்து நிறுத்திய வேதியியல் ஆசிரியருக்கும் நன்றி. சூடுபட்ட பி.வி.சி. வெளியிடும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் கெடுக்கும், பொறியையும் அரிக்கும் என்று அவர் எழுதிவைத்த அட்டை இன்றும் அதன்மேல் தொங்குகிறது.

முகம் தெரியாதவர்களுக்கும் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் என்ற முப்பரிமாண அச்சுப்பொறித் திட்டம் தன் வரைபடங்களை எல்லாருக்கும் திறந்துவைத்திருக்காவிட்டால், நம்மைப் போன்றவர்கள் கைக்கு அச்சுப்பொறி எட்டியிருக்காது. அதே ஆண்டில் இத்தாலியின் இவ்ரியாவில் பிறந்த ஆர்டுயினோ எனும் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையும் அவ்வாறே திறந்த வடிவமைப்பாக வந்ததால்தான் நம் பிள்ளைகள் அச்சமின்றி அதில் கை வைக்கிறார்கள்.

அந்த அச்சுப்பொறிக்கு உண்மையான வேலை கொடுத்தவர் மூட்டுவலியால் வீட்டுச் சாவியைத் திருப்ப முடியாமல் தவித்த பாட்டி. பள்ளி மாணவர் இருவர் அவர் கையை அளந்து, சாவியைப் பொருத்திக்கொள்ளும் அகலமான பிடி ஒன்றை அச்சிட்டார்கள். முதற்பிடி, அடுக்குகள் ஒட்டியிருந்த கோட்டிலேயே முறிந்தது; அச்சிட்ட பொருள் அடுக்குகளுக்கு இடையில்தான் பலவீனமானது என்பதை அவர்கள் அன்று கையால் உணர்ந்து, பிடியைப் படுக்கவைத்து மறுபடி அச்சிட்டார்கள். இரண்டாவது முறியவில்லை, ஆனால் வழுக்குகிறது என்று பாட்டி சொல்லிவிட்டார். பிள்ளைகள் மனம் வாடுமே என்று பொய்யாகப் பாராட்டாமல், குறையை உள்ளபடி சொல்லி மூன்றாவது பிடிவரை சலிக்காமல் வந்துபோன அவருக்கு என் வணக்கம்.

மேசை உயரமாக இருப்பதால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கை எட்டவில்லை என்று எடுத்துச் சொன்ன நண்பருக்கும், அன்றைக்கே அளவெடுத்து மறுவாரமே தாழ்ந்த மேசையைச் செய்துதந்த தச்சருக்கும், குவிந்த திருகுகளை அளவுவாரியாகப் பிரித்துவைத்தவர்களுக்கும், மரத்தூளைப் பெருக்கி விளக்கணைத்துக் கடைசியாகக் கிளம்பியவர்களுக்கும், இரம்பச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த பழுதுபார்க்கும் நாளில் தையல் மேசையை அந்தச் சிறுமியே பார்த்துக்கொள்ளப் போகிறாள். அம்மா அவர்கள் அன்றும் வந்து, அவளுக்குப் பக்கத்தில் வெறுமனே அமர்ந்திருக்க இசைந்திருக்கிறார்கள். அதற்கும் சேர்த்து நன்றி, அம்மா.

இப்படிக்கு,
பட்டறை ஒருங்கிணைப்பாளர்