சனிக்கிழமைப் படம்: சாவோடு ஒரு சதுரங்கம்

வணக்கம் உறவுகளே. இந்தச் சனி இரவு 7 மணிக்கு, மாங்குளத்தில் எங்கள் வாசிகசாலை முற்றத்தில் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' (1957) போடுகிறோம். சுவீடன் படம், கறுப்பு வெள்ளை, 96 நிமிடம். கீழே ஆங்கில எழுத்து ஓடும். விளங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், ஆனால் மெதுவாக.

கதை நடப்பது 14ஆம் நூற்றாண்டில். சிலுவைப்போருக்குப் போன வீரன் 10 வருடம் கழித்து ஊர் திரும்புகிறான். எங்கும் கொள்ளைநோய். கடற்கரையில் சாவு கறுப்பு அங்கியோடு வந்து நிற்க, இவன் அதைச் சதுரங்கம் ஆடக் கூப்பிடுகிறான். சரி, இனிச் சண்டைதான் என்று நினைத்து வராதீர்கள், முழுக்கப் பேச்சுதான். கடவுள் ஏன் வாய் திறக்கிறார் இல்லை என்று வீரன் தவிக்கிறான். கூட வரும் ஏவலாளோ ஒன்றையும் நம்பாதவன். எனக்கு அவனைத்தான் கூடப் பிடிக்கும்.

ஓர் இடத்தில் வீரனும் கூட இருப்பவர்களும் புல்லில் உட்கார்ந்து காட்டு ஸ்ட்ரோபெரியும் ஒரு கிண்ணம் பாலும் பகிர்ந்துகொள்கிறார்கள். மீள்குடியேறி வந்த வருடம் காட்டுக்குள் பாலைப்பழம் பொறுக்கித் தின்று வாயெல்லாம் பிசுபிசுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காட்சியிலாவது போனை நோண்ட வேண்டாம்.

போன முறை பாதியில் ஸ்பீக்கர் செத்துப்போனது. இம்முறை வேறொன்று இரவல் வாங்கியாச்சு. கதிரை குறைவு, பாய் கொண்டு வாங்கோ. நுளம்புத்திரியும் பிளேன்ரீயும் எங்கள் பொறுப்பு. ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்கள் தனியே வெளிக்கிட வேண்டாம், வீதியில் யானை நிற்கும்.