டெபுடி வேலை விஷயமாக அப்பாவுக்கு

பர்மிங்ஹாம்,
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? புது மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று மறுபடியும் சொல்லுங்கள். காலையில் காப்பியோடு போட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மருத்துவமனை வார்டில் டெபுடி, அதாவது வார்டு மேனேஜருக்கு அடுத்த நர்ஸ், ஆக நான் முயற்சி செய்வது பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் பாப்பா அழுதுகொண்டிருந்தாள், அப்புறம் லைனும் போய்விட்டது. "மேலதிகாரிகிட்ட நாமளாப் போய் பதவி கேக்கலாமாம்மா? தகுதி இருந்தா அவங்களே குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தீர்கள். துறைத் தேர்வெல்லாம் எழுதினீர்கள். பதவி உயர்வுப் பேனலில் பெயர் வந்தது, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றீர்கள். அடுத்தது யார் என்பது உங்கள் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். சீனியாரிட்டி லிஸ்டில் பெயர் விட்டுப்போனால் முறையீடு செய்யலாம், கோர்ட்டுக்கும் போகலாம். நீங்கள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, உங்களுக்காக அந்த லிஸ்ட் பேசியது. இங்கே எங்களுக்கு அப்படி ஒரு லிஸ்ட் கிடையாது அப்பா.

இங்கே அரசு மருத்துவமனைகள் எல்லாம் என்ஹெச்எஸ் என்கிற தேசிய சுகாதாரச் சேவையில் வரும், 1948-ல் ஆரம்பித்தது. டாக்டர்களையும் பெரிய நிர்வாகிகளையும் விட்டால் மற்ற எல்லாருக்கும் 2004-லிருந்து பேண்ட் என்கிற படிநிலைக் கணக்கில்தான் சம்பளம். நர்ஸ் என்றால் பேண்ட் 5. இந்த 2025-26 கணக்குப்படி ஆண்டுக்கு 31,049 பவுண்டில் ஆரம்பித்து, நாலு வருட சர்வீஸ் முடிந்ததும் 37,796-க்கு வந்து அங்கேயே நின்றுவிடும். அதன் பிறகு அரசாங்கம் வருடாவருடம் எல்லாருக்கும் பொதுவாகக் கூட்டுவது மட்டும்தான். எத்தனை வருடம் உழைத்தாலும் பேண்ட் 5-ல் இருப்பவள் தானாக பேண்ட் 6 ஆவதில்லை. எங்கள் வார்டிலேயே தலை நரைத்த ஒரு ஃபிலிப்பைன்ஸ் அக்கா இருக்கிறார். புதிதாக வரும் டாக்டர்கள்கூட அவரிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். அவர் இன்னும் பேண்ட் 5.

பேண்ட் 6 என்றால் எங்கள் வார்டில் டெபுடி. அதற்கு மேல் பேண்ட் 7, வார்டு மேனேஜர். டெபுடி இடம் காலியானால் விளம்பரம் வரும். வெளியாட்கள் போடுகிற மாதிரியே நானும் ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். முதல் கட்டத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாது. கேட்ட தகுதிகள் இருக்கிறதா என்று மார்க் போட்டுத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள்.

அப்படியானால் மேனேஜரிடம் போய் எதற்குக் கேட்பது என்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. ட்யூட்டி ரோஸ்டர் போட்டிருக்கிறாயா, புகார் விசாரணையில் உட்கார்ந்திருக்கிறாயா, ஆட்களை நிர்வகித்த அனுபவம் உண்டா என்றெல்லாம் அந்த விண்ணப்பத்தில் கேட்பார்கள். அந்த வேலைகளை நமக்குக் கொடுப்பவர் வார்டு மேனேஜர். டெபுடி பிரசவ விடுப்பில் போனால் ஆறு மாதம் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்பவரும் அவர்தான். விளம்பரம் வந்த பிறகு ஓடினால் எழுதுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஆசை இருக்கிறது என்பதை ஒரு வருடம் முன்பே அவர் காதில் போட்டு வைக்க வேண்டும்.

நானும் போட்டேன். போன வசந்த காலத்தில், போகிற வழியில் நிறுத்திப் பேசாமல், அரை மணி நேரம் வேண்டும் என்று மெயில் அனுப்பி நேரம் வாங்கிக்கொண்டுதான் போனேன். வார்டுக்குப் பின்னால் அவருடைய சின்ன ரூம். மேஜையில் கம்ப்யூட்டர், சுவர் முழுக்க ட்யூட்டி அட்டவணை, வீட்டுக்குப் போன நோயாளி யாரோ கொடுத்துவிட்டுப் போன சாக்லேட் டப்பா ஒன்று பிரித்தபடி. ஒரு பக்கத்தில் நான் செய்த வேலைகளை எழுதி எடுத்துப் போயிருந்தேன். "டெபுடி இடம் வரும்போது நான் விண்ணப்பம் போடப் போகிறேன். என்னிடம் என்ன குறைகிறது என்று இப்போதே சொன்னீர்கள் என்றால் தயாராகிக்கொள்வேன்" என்றேன். தொண்டை வறண்டிருந்தது. ஆனாலும் நினைத்ததைச் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்கு இதில் விருப்பம் உண்டு என்று எனக்குத் தெரியவே தெரியாது. நோயாளிகளோடு இருப்பதுதான் உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துப் போய்விட்டது அப்பா. ராத்திரி ட்யூட்டியில் 28 படுக்கைக்கும் இன்சார்ஜாக நான்தான் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். அந்த வேலை அவர் கண்ணில் பட்டிருக்கிறது, என் ஆசை கண்ணில் படவில்லை. அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒதுக்கவும் இல்லை. அமைதியாக வேலை பார்க்கிறவள் இருக்கிற இடத்தில் சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் இந்த ஊரில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டில் அமைதியாக இருக்கிற பிள்ளைக்குத்தான் முதலில் சோறு போடுவாள் அம்மா. இங்கே தட்டை நீட்ட வேண்டும்.

நான் எழுதிக்கொண்டு போனதில் ஒன்றை அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். எங்கள் வார்டில் வயதானவர்கள் அதிகம். விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்து விழுந்துவிடுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் அவர்கள் பழையபடி நடமாடுவது கஷ்டம். கவனித்துப் பார்த்தபோது, நாங்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் காலை மருந்து வண்டியோடு அலைகிற நேரத்தில்தான் அதிகமாக விழுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் மருந்தில் கை வைக்காமல், ஆட்டம் காண்கிறவர்கள் படுத்திருக்கும் அறையிலேயே நிற்க வேண்டும் என்று மாற்றினேன். விழுவது குறைந்தது. "இதை நீ செய்தாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். யார் சொல்வார்கள், நான்தான் சொல்ல வேண்டும்.

குறையையும் சொன்னார், அதை உங்களிடம் மறைக்கவில்லை. "ஆள் குறைந்தால் நீயே ஓடி ஓடி எல்லாவற்றையும் செய்கிறாய். நல்ல நர்ஸ் அப்படித்தான் செய்வாள். டெபுடி அப்படிச் செய்யக் கூடாது. யாரிடம் எதைக் கொடுக்கலாம் என்று நின்று யோசிக்க வேண்டும்" என்றார். நியாயமான பேச்சு. உடனே, "அப்படியானால் ரோஸ்டர் போட எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டேன். இன்னொன்றும் கேட்டேன், அதற்கு முன் ஒரு கதை சொல்ல வேண்டும்.

போன வருடம் லண்டன் போனபோது தேம்ஸ் நதிக்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைப் பார்த்தோம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தது இந்த மருத்துவமனையில்தான், அப்போது அது லண்டனில் வேறு இடத்தில் இருந்தது. நாங்கள் படிக்கும்போது அவர் படத்துக்கு முன்னால்தான் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தோம், உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மருத்துவமனைத் தோட்டத்தில் மேரி சீக்கோல் என்ற கறுப்பினப் பெண்மணிக்குப் பெரிய வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். 2016-ல் திறந்தது. எதிர்க்கரையில் பார்லிமென்ட். நிற்கிற சிலை இல்லை, வேகமாக நடந்து வருகிற கோலம். ஜமைக்காவில் பிறந்தவர். கிரிமியப் போர் நடந்தபோது காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளத் தன்னையும் அனுப்பச் சொல்லி லண்டனில் அதிகாரிகளிடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் சொந்தச் செலவில் கிளம்பிப் போய், 1855-ல் போர்முனைக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் அமைத்து, சிப்பாய்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்தார். அந்தச் சிலைக்குக் கீழே பாப்பாவை நிற்க வைத்து எடுத்த படத்தைத்தான் அம்மா ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

மேரி சீக்கோல் பெயரில் என்ஹெச்எஸ்ஸில் ஆறு மாதத் தலைமைப் பயிற்சி ஒன்று நடக்கிறது. முதல் தடவையாக ஆட்களை நடத்தப் போகிறவர்களுக்கானது. அதற்கு என்னை அனுப்ப முடியுமா என்றுதான் கேட்டேன். பார்க்கிறேன் என்ற மேனேஜர், இரண்டு வாரத்தில் பெயர் கொடுத்துவிட்டார். இப்போது பாதி முடித்திருக்கிறேன்.

எல்லாம் இப்படிச் சுலபமாக நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இன்டர்வியூ வரை வந்தவர்களில் வெள்ளைக்காரர்களுக்கே வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று என்ஹெச்எஸ்ஸே தன் அறிக்கையில் வருடாவருடம் எழுதுகிறது. 2015-லிருந்து இந்தக் கணக்கை எடுத்து வெளிப்படையாகப் போடுகிறார்கள். மறைக்காமல் போடுகிறார்களே என்று மதிக்கிறேன். படிக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. கேட்டதற்கு அப்புறமும் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் ஏன் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அவர்களும் உட்கார வைத்துச் சொல்வார்கள். அதை வாங்கிக்கொண்டு அடுத்த விளம்பரத்துக்குப் போடுவேன்.

சம்பளம் எவ்வளவு கூடும் என்று அம்மா கேட்டாளாமே. உண்மையைச் சொல்கிறேன், அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பேண்ட் 6 ஆரம்பம் 38,682 பவுண்ட். நான் இப்போது வாங்கும் 37,796-ஐ விட வருடத்துக்கு 886 பவுண்ட்தான் அதிகம். இங்கே ராத்திரி ட்யூட்டிக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதமும், ஞாயிற்றுக்கிழமைக்கு 60 சதவீதமும் கூடுதலாகத் தருவார்கள். டெபுடியானால் ஆபீஸ் வேலைக்கென்று சில பகல் நாட்கள் ஒதுக்குவார்கள், அந்த அளவுக்கு அந்தக் கூடுதல் குறையும். முதல் வருடம் கைக்கு வருவது இப்போதை விடக் கொஞ்சம் குறைந்தால்கூட ஆச்சரியமில்லை. ஐந்து வருடம் போனால் 46,580. அதுவரை பொறுக்க வேண்டும். உங்கள் மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றுதான் சொன்னார்.

பிறகு ஏன் இது வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். ரோஸ்டர்தான் காரணம். இப்போது மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் முதல் வரைவு போடுகிறேன். நாலு வாரத்துக்கு ஒரு அட்டவணை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இன்சார்ஜ் நிற்கத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும், ராத்திரி முடித்தவருக்கு ஓய்வு விட வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவருக்கு ஏற்ற நேரம் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தை மாற்றினால் நாலு கட்டம் குலையும். அதில் உட்கார்ந்த பிறகுதான், ஒருவருடைய தீபாவளியும் கிறிஸ்துமசும் ஊர்ப் பயணமும் இந்தக் கட்டங்களுக்குள்ளேதான் இருக்கிறது என்று புரிந்தது.

எங்கள் வார்டுக்குக் கோட்டயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். அவளுக்கு வருடத்துக்கு 27 நாள் விடுப்பு, அரசு விடுமுறை 8 தனி. ஒரே மூச்சில் இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, பத்து நாளில் போய்த் திரும்பப் பார்த்தாள். நான் விதிமுறையை எடுத்துப் படித்துக் காட்டினேன். மேனேஜர் ஒப்புதல் இருந்தால் சேர்த்து எடுக்கலாம், சம்பளமில்லா விடுப்பும் கேட்கலாம். கேட்டாள், ஐந்து வாரம் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து அப்பா நடக்க ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தாள். இது தெரிந்த ஒருத்தி அந்த ரூமுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் அப்பா. இங்கே எங்களில் பாதிப் பேர் கடல் கடந்து வந்தவர்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று போன் வரும்போது எங்களுக்கு வயிற்றில் என்ன ஓடும் என்று அனுபவித்த ஒருத்தி உள்ளே இருக்க வேண்டும்.

விளம்பரம் போன வாரம் வந்தது. விண்ணப்பம் போட்டேன், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் மேனேஜர், வார்டு மேனேஜர்களுக்கு மேலே இருக்கும் மேட்ரன், வேறு வார்டு மேனேஜர் ஒருவர் என மூன்று பேர் இருப்பார்கள். உள்ளே போனால் தெரிந்தவர் தெரியாதவர் கிடையாது, ஆளுக்கு ஆள் மார்க். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், அதனால் என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு உங்கள் மாப்பிள்ளைதான் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். "விழுந்தவர்கள் கதையை இன்னும் சுருக்கு" என்று நேற்றும் சொன்னார்.

டிசம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இங்கே காலை பத்து மணி, உங்களுக்கு மதியம் மூன்றரை. அந்த நேரத்தில் போன் போட வேண்டாம், முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். முடிவு தெரியும் வரை பெரியப்பா வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் மனசுக்கு இது இன்னும் சரியாகப் படவில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஆனால் அன்றைக்கு மூன்றரை மணிக்கு எனக்காக ஒரு தேங்காய் மட்டும் உடைத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்