மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்: ஏர்பிரஷ் இருக்கட்டும், முதலில் வண்டியைப் பார்

அன்புள்ள மாப்பிள்ளை,

சின்னக் கார் மாடல் செய்ய வாங்கப்போவதாக நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ், அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர், ஜப்பான் பெயின்ட், போட்டோ எட்ச் எனும் மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்கள், குரோம் பேனா. எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் அதில் எதையும் இப்போது வாங்காதே. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும் என்பதால் எழுதுகிறேன். கார் மாடல் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் நம் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

முதலில் நீ செய்ய வேண்டியது, தர்மபுரி பைபாஸ் ஓரம் ஏதாவது ஒரு டிங்கர் பட்டறையில் கேட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க ஓரமாக உட்கார்ந்திருப்பது. ஒடுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்துவார்கள். பட்டி போடுவார்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பார்கள். பிரைமர் அடித்து மறுபடி தேய்ப்பார்கள். கலர் கடைசியில்தான் வரும். நீ மேஜையில் செய்யப்போவதும் இதே வேலைதான், இதே வரிசையில்தான்.

பெயின்டரின் கண்ணைக் கவனி. அவர் கதவை நேராகப் பார்க்கவே மாட்டார். தலையைச் சாய்த்து, டியூப்லைட் வெளிச்சம் தகட்டின் மேல் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். வெளிச்சக் கோடு எங்கே நெளிகிறதோ, அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. சில பட்டறைகளில் பிரைமர் மேல் கறுப்பை லேசாகத் தூவி அடித்துவிட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்த பிறகும் கறுப்பு போகாமல் நிற்கிற இடம் பள்ளம். மாடலுக்கும் இதை அப்படியே செய்யலாம், செலவே இல்லை. எந்த வீடியோவைவிடவும் இந்த ஒரு நாள் உனக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி அளவு. நீ வாங்கி வைத்திருக்கும் கிட், அதாவது பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டி, 1/24. நிஜ வண்டியில் 24 மி.மீ. இருப்பது உன் கையில் 1 மி.மீ. அமெரிக்க கிட்டுகள் பல 1/25-இல் வரும். கண்ணாடி அலமாரியில் வைக்கும் பெரிய டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) கார்கள் 1/18. சின்ன டைகாஸ்ட் கார்களில் 1/43, 1/64 அதிகம். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், 24-ஐ மட்டும் மனதில் வை. எதைப் பார்த்தாலும் 24-ஆல் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் என்று பெயின்டிலேயே காட்டுகிறேன். நிஜக் காரில் பிரைமர், கலர், மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம்தான். நீ அதே 0.1 மி.மீ. கனத்துக்கு மாடலில் அடித்தால், அது நிஜ வண்டியில் 2.4 மி.மீ. கனத்துக்குப் பெயின்டை அப்பியதற்குச் சமம். கதவுக் கோடுகள் மூழ்கும், கைப்பிடியின் விளிம்பு மழுங்கும். வண்டி பார்ப்பதற்குச் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ஒரே அடியாக அடிக்காமல், பனி விழுந்தாற்போல் லேசாக நாலைந்து தடவை அடிக்கச் சொல்கிறோம். மெட்டாலிக் கலரிலும் இதே சிக்கல் உண்டு. கார்ப் பெயின்டில் மினுக்கும் துகள் நிஜக் காருக்குச் சரி, மாடலில் அதுவே 24 மடங்கு பெரிதாகக் கண்ணில் படும், ஜிகினா ஒட்டியது போல. மிக மெல்லிய துகள் உள்ள சில்வராகத் தேடி எடு. முதல் வண்டிக்கு மெட்டாலிக்கே வேண்டாம்.

பட்டறைக்காரர்கள் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டை பிளாஸ்டிக் மேல் நேராக அடிக்காதே. அதன் தின்னர் வீரியமானது, கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து அதன் மேல்தோலை வெடிக்க வைக்கும். நடுவே நல்ல பிரைமர் இருக்க வேண்டும், அதன் மேலும் மெல்லிய தூவலாகத்தான் அடிக்க வேண்டும். தூக்கிப் போடும் பிளாஸ்டிக் கரண்டிகளில் பல பாலிஸ்டைரீன்தான். எந்தப் புதுப் பெயின்டானாலும் முதலில் கரண்டியில் அடித்துப் பார். முன்னதாக பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவை. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசும் பொருள் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது.

கண்ணாடி ஒட்ட ஃபெவிகுவிக் எடுக்காதே. அதிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். கொஞ்சம் ஃபெவிகாலைப் பல்குச்சியில் தொட்டு வை. காய்ந்தால் தெரியாது, தப்பாக ஒட்டினாலும் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம். மற்ற பாகங்களுக்கு மாடல் சிமென்ட் என்கிற நீர்த்த பசை. அது பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும்.

எந்தக் கார் முதலில் என்று கேட்டாய். அந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் பெட்டியை மூடி வை. முதலில் ஒரு அம்பாசிடர் செய்.

காரணம் இருக்கிறது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் 1/12 அளவில் போர்ஷே 934 கிட்டைக் கொண்டுவந்தது (934 என்பது போர்ஷே 911-இன் பந்தய வடிவம்). அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக நிஜப் போர்ஷே 911 ஒன்றையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். தொட்டு, அளந்து, கழற்றிப் பார்த்ததுதான் அந்த மாடலின் பெருமை. நமக்குப் போர்ஷே எட்டாது. ஆனால் அம்பாசிடர் நம்மிடம் நிற்கிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வண்டி, 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் செய்தார்கள். கிருஷ்ணகிரியிலும் காவேரிப்பட்டணத்திலும் வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்தி நிற்பவற்றை நானே பார்க்கிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு கதவைத் திறந்து காட்டுவார், பழைய கதையும் சேர்த்துச் சொல்வார்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் அம்பாசிடரை வாங்கி, அடியில் உள்ள திருகுகளைக் கழற்றிப் பிரித்துவிடு. பொம்மை என்பதால் அளவு முன்பின் இருக்கும். அதைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். நிஜ அம்பாசிடரின் நீளம் 4325 மி.மீ., முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2464 மி.மீ. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.75 சொச்சம். பொம்மையையும் ஸ்கேலில் அளந்து வகுத்துப் பார். விடை கிட்டத்தட்ட அதே வந்தால் பாடி சரி. வராவிட்டால் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்து மாற்று. பள்ளங்களை எம்-சீல் வைத்து அடைத்துத் தேய்க்கலாம். பொம்மையின் பிளாஸ்டிக் வேறாக இருக்கலாம், மாடல் சிமென்ட் பிடிக்கிறதா என்று உள்பக்கத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்.

கதவு இடுக்கு நிஜத்தில் 5 மி.மீ. என்றால் 1/24 அளவில் உன் கையில் 0.2. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கத்தி முனையின் பின்பக்கத்தால் கோட்டை ஆழப்படுத்து, பிறகு செய்ய முடியாது. கடைசியில் அதில் நீர்த்த கலரை ஓடவிடும்போது வெள்ளை வண்டிக்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் கலந்த பழுப்பு எடு. கறுப்பு விட்டால் பென்சிலில் வரைந்த வண்டி போல ஆகிவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அழுக்கு. வண்டிக்கு எப்படி வேண்டுமானாலும் அழுக்கு பூசிவிட முடியாது. மண் எங்கிருந்து வருகிறது, எங்கே போய் ஒட்டுகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. டயர் தெறிக்கிற மண் சக்கர வளைவுக்குப் பின்னால்தான் அதிகம் படியும், கதவின் அடிப்பகுதியில் மேலே போகப்போகக் குறையும். முன் பிரேக்தான் அதிக வேலை செய்கிறது, அதனால் பிரேக் தூசி முன் சக்கரத்தில் கூடுதலாக இருக்கும். முன் கண்ணாடியில் வைப்பர் ஓடிய அரைவட்டம் மட்டும் தெளிவாக இருக்கும். துரு கதவின் கீழ் விளிம்பில் தொடங்கும், ஏனென்றால் உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேறும் ஓட்டை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. ஒரு நாள் நின்று பார்த்தால் இதெல்லாம் உனக்கே தெரியும்.

மண்ணின் நிறமும் ஊருக்கு ஊர் வேறு. பென்னாகரம் பக்கம் போய் வந்த வண்டியில் செம்மண். கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரி ரோட்டில் ஓடின வண்டியில் மாவு மாதிரி வெளிறிய சாம்பல். இரண்டையும் ஒரே வண்டியில் பூசினால் பார்ப்பவனுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும். நிஜ மண்ணையே அள்ளிப் போடலாம் என்று நினைப்பாய். கால் மி.மீ. மணல் துகள் 1/24-இல் 6 மி.மீ. ஜல்லி. அதனால் மண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நிறம் வரும் வரை படம் வரையும் பேஸ்டல் சாக்கைச் சுரண்டிக் கலந்து, மெல்லிய பிரஷால் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மேல் தடவு.

உள்ளே சீட்டின் மேல் துண்டு விரிக்காத அம்பாசிடர் நம் ஊரில் ஏது? டிஷ்யூ பேப்பரில் ஒரு அடுக்கை மட்டும் பிரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போட்டு, ஈரமாக இருக்கும்போதே மடிப்பை ஊசியால் தள்ளிவிடு. காய்ந்ததும் துணி போலவே நிற்கும். நம்பர் பிளேட் 500-க்கு 120 மி.மீ. என்றால் உனக்கு 21-க்கு 5. டாக்சி என்றால் மஞ்சளில் கறுப்பு எழுத்து. உங்கள் ஊர் வண்டிக்கு டிஎன் 29, எங்கள் ஊருக்கு டிஎன் 24. எண்ணை மட்டும் கற்பனையாகப் போட்டுக்கொள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வண்டியாகச் செய்தால் இன்னும் அழகு. பானெட்டில் வைக்கும் சந்தனப் பொட்டு 20 மி.மீ. இருக்கும், உனக்கு 0.8. பல்குச்சியின் முனையை வாட்டர் பேப்பரில் ஒரு தடவு தடவித் தட்டையாக்கி, கெட்டியான மஞ்சள் கலரைத் தொட்டு, செங்குத்தாக வைத்து எடு. இழுக்காதே. காய்ந்ததும் கூர்மையான குச்சியால் நடுவில் சிவப்பு. இந்த ஒரு பொட்டை வைத்துவிட்டால் எந்த நாட்டுக்காரன் பார்த்தாலும் இது எந்த ஊர் வண்டி என்று கேட்பான்.

புரட்டாசி, ஐப்பசி மழை வருவதற்குள் பாடிக்குக் கலர் அடித்து முடித்துவிடு. ஈரக்காற்றில் என்.சி. போன்ற லாக்கர் பெயின்ட் அடித்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். மழை நாட்களில் சீட், டாஷ்போர்டு வேலையைப் பார். ஸ்பிரே அடிப்பது மொட்டை மாடியில் மட்டும், கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டுக்கொண்டு. துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டேன், மாஸ்க் இல்லாமல் மாடி ஏற விட மாட்டாள்.

பிரைமர் அடித்ததும் போட்டோ அனுப்பு. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்து எடு. நேராக எடுத்தால் மேடு பள்ளம் எனக்குத் தெரியாது.

அன்புடன்,
மாமா,
கிருஷ்ணகிரி