கடலில் பொய்க்குரலைப் பாராட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு 11 வயது. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் வார இறுதிகளில் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப் படகு ஓட்டுகிறான். சென்ற மாதம் ஒரு சிறுவர் போட்டியில், எதிரே வந்த பையன் "ஸ்டார்போர்டு!" என்று கத்த, இவன் பதறிப்போய் விலகிவிட்டான். அப்புறம்தான் புரிந்தது, ஸ்டார்போர்டில் வந்தது இவன்தான் என்று. கரையில் என் பக்கத்தில் நின்ற ஒரு தந்தை, கத்திய பையனைப் பார்த்து "கெட்டிக்காரப் பையன்" என்று சிரித்தார். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காற்றை வலப்பக்கம் வாங்கி வரும் படகு ஸ்டார்போர்டு, அதற்கே வழி. இடப்பக்கம் வாங்கும் படகு விலகவேண்டும். படகேறும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் விதி இது. அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளையின் கை தானாகச் சுக்கானைத் திருப்பும்.

தந்திரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பப்போவதுபோல் போக்குக் காட்டி, எதிராளி திரும்பியதும் பழைய திசையிலேயே போவது அழகான ஆட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கின் கடைசிப் பந்தயத்தில் பிரிட்டனின் பென் ஐன்ஸ்லி, பிரேசிலின் ராபர்ட் ஷைட்டை மறித்து மறித்துப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றார். பார்க்கக் கசப்பாக இருந்தாலும் அது விதிக்கு உட்பட்டது. ஆனால் தெரிந்தே பொய்யாக "ஸ்டார்போர்டு" என்று கத்துவது நேர்மை பற்றிய 2ஆம் விதியை மீறுவதாகும். உலகப் பாய்மர அமைப்பின் தீர்ப்புத் தொகுப்பிலேயே இது தெளிவாக இருக்கிறது. அந்த விதியில் தகுதி இழந்தால், தொடரின் மோசமான பந்தயத்தை மொத்தக் கணக்கிலிருந்து கழிப்பதுபோல் அதைக் கழிக்க முடியாமலும் போகலாம்.

கடலில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு நடுவர் கிடையாது. வழி மறித்துத் தவறு செய்தவர் தானே இரண்டு சுற்றுச் சுற்றித் தண்டனையை ஏற்கவேண்டும். அந்த நம்பிக்கையில்தான் போட்டியே நடக்கிறது. அந்தச் சிறுவன்மேல் எனக்குக் கோபமில்லை. எதிலும் பின்தங்கிவிடக்கூடாது என்ற நம் கியாசு புத்தியைப் பிள்ளைகளின் படகில் ஏற்றிவிடும் பெரியவர்கள்மேல்தான் வருத்தம்.

1988 சோல் ஒலிம்பிக்கில், பூசான் கடலில் கவிழ்ந்த படகோடு தத்தளித்தவர்கள் நம் சிங்கப்பூர் வீரர்கள் இருவர். தன் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, படகைத் திருப்பிப் போய் அவர்களைக் காப்பாற்றினார். பதக்க வாய்ப்பு போனது. நடுவர்கள் பிறகு அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள்.

பந்தயத்துக்கு முன் பிள்ளைகளைக் கூட்டி விவரம் சொல்லும்போது, பயிற்றுநர்கள் 2ஆம் விதியோடு இந்தச் சம்பவத்தையும் சொல்லட்டும். என் மகனுக்கு அன்றிரவு நான் சொன்ன பிறகுதான் லெமியூவைத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு தந்தை, பிடோக்