வீட்டை முடித்துவிடாதே

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விதான். புது வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்பே உள் வேலை மொத்தத்தையும் முடித்துவிட வேண்டும், அதற்கப்புறம் வீட்டுக்குள் ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்கக் கூடாது, நீயே செய்து கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். வேறு யாராவது கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சரி என்றிருப்பேன், இன்டீரியர் வேலை செய்கிற எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. உன்னிடம் அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் இங்கத்திய சேதி. பெரிய ஆபீஸை விட்டுவிட்டுச் சின்ன இடத்துக்கு வந்துவிட்டேன். ஒரு மேஜை, சாம்பிள் அடுக்க ஓர் அலமாரி, அவ்வளவுதான். என்னிடம் வேலை கற்ற பையன் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டான், நன்றாகவே செய்கிறான், என் பழைய கார்பென்டரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்பதில்தான் கொஞ்சம் வயிற்றெரிச்சல். முன்பெல்லாம் வருகிறவர்கள் பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கங்களைக் கொண்டுவருவார்கள், அப்புறம் போனில் சேர்த்துவைத்த படங்கள் வந்தன, இப்போது கம்ப்யூட்டரிடம் சொல்லி வரையவைத்த படங்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த வீடுகளில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்காது, எங்கேயும் ஒயர் தொங்காது, துடைப்பம் வைக்க இடம் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் திரைச்சீலை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதை அப்படியே செய்துதரச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் கையில் இருக்கிற பையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் பேர் வாங்கியவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட வீடுகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பலர் அதை முடிக்கவே இல்லை. லண்டனில் ஜான் சோன் என்று ஒருவர், கொத்தனார் மகன், பெரிய கட்டடக் கலைஞராக வளர்ந்தவர். 1792-இல் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் 12-ஆம் எண் வீட்டை வாங்கி இடித்துக் கட்டினார். அப்புறம் 13-ஆம் எண். அதற்கப்புறம் 14. 1837-இல் இறக்கும் வரை சுவரை உடைப்பதும் மேலிருந்து வெளிச்சம் இறக்குவதும் சிலைகளை இடம் மாற்றுவதுமாகவே இருந்தார். அங்கே காலை உணவுக்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது, குடை மாதிரிக் கவிந்த கூரை, அதில் குண்டுக் கண்ணாடிகள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சட்டென்று பிடிபடாது. அத்தனை சின்ன அறை அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு அந்த வெளிச்ச வித்தைதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், 1833-இல் அவரே பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்கி, தான் போன பிறகு வீட்டைக் கூடுமானவரை விட்டுப்போன நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஆயுசு முழுக்க மாற்றிக்கொண்டே இருந்த மனுஷர், மற்றவர்கள் மட்டும் கைவைக்கக் கூடாதாம்!

எனக்கு அவரைவிட இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைத்தான் அதிகம் பிடிக்கும். கொழும்பில் 33-ஆவது லேனில், ஒரே வரிசையில் இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பிறகு அடுத்தடுத்த வீடுகள் கைக்கு வர வர, சுவரைத் திறந்து, இடையிடையே வானம் தெரிகிற சின்ன முற்றங்களை விட்டு, நான்கையும் ஒரே வீடாக்கினார். வாசல் பக்கத்து வீட்டை மட்டும் எடுத்துவிட்டு மேலே மாடிகளாக உயர்த்தினார். இதற்கெல்லாம் பல வருஷம் ஆனது. முழுசாக ஒரே பிளானில் வரைந்து கட்டியிருந்தால் அந்த வீடு அப்படி வந்தே இருக்காது என்பது என் கட்சி. லுணுகங்கை என்ற தோட்டத்தையும் 1940-களின் கடைசியில் வாங்கினார், 2003-இல் இறக்கும் வரை அதையும் விடவில்லை.

இப்போது எங்கள் லட்சணத்தைப் பார். எங்களுக்கு என்றால் ஆயுசு பூராவும் எடுத்துக்கொள்வோம், வருகிறவர்களுக்கு மட்டும் சில மாதத்தில் சாவியைக் கையில் கொடுத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அந்த வீட்டில் இன்னும் யாரும் ஒரு ராத்திரிகூடத் தூங்கியிருக்க மாட்டார்கள். எந்த ஜன்னலில் காலை வெயில் கண்ணைக் கூசும், எந்த மூலையில் உட்கார்ந்தால் காற்று வரும், யார் எங்கே உட்கார்ந்து போன் பேசுவார்கள் என்று ஒன்றும் தெரியாது. தெரியாத குடும்பத்துக்குத் தெரியாத வீட்டில் எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிடுகிறோம். அதைத்தான் நீ என்னிடம் கேட்கிறாய்.

முடிவே பண்ணாமல் விடு என்று சொல்லவில்லை, அப்படியும் புரிந்துகொள்ளாதே. முன்கூட்டியே செய்தாக வேண்டியவை உண்டு. ஒயரிங், தண்ணீர்க் குழாய், குளியலறையில் ஈரம் கசியாமல் பூசுவது, தரை, இவையெல்லாம் பிறகு உடைத்தால் வீடே தூசி. பிளக் பாயிண்ட் விஷயத்தில் மட்டும் தாராளமாக இரு, தேவை என்று நினைப்பதைவிடக் கூடவே போட்டுவை, சுவருக்குள் சும்மா இருக்கிற காலிப் பைப் ஒன்றும் கெடுத்துவிடாது. சமையலறையும் வேண்டும், துணி அலமாரி ஒன்றாவது வேண்டும். மீதி எல்லாவற்றையும் தள்ளிப் போடு. டிவிக்கென்று சுவர் முழுக்க அடைக்கிற அந்தப் பலகை, எல்லா அறையிலும் ஃபால்ஸ் சீலிங், சுவரோடு ஒட்டிய மூலை சோபா, கட்டில் தலைமாட்டில் மெத்தை தைத்த பேனல், இவற்றில் ஒன்றுகூட முதல் நாளே தேவையில்லை. குறிப்பாக ஃபால்ஸ் சீலிங். அதில் விளக்குக்கு ஓட்டை போட்ட அன்றே கீழே மேஜை எங்கே நாற்காலி எங்கே என்பதும் முடிவாகிப் போகிறது, அதற்கப்புறம் கட்டிலைத் திருப்பிப் போட்டால் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். ஒரு ஸ்டாண்ட் விளக்கும் நல்ல ஒரு மேஜை விளக்கும் வைத்துக்கொண்டு ஆரம்பி. பல்பு வாங்கும்போது பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கிறதா பார், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண் அது, ராத்திரிக்கு அந்த மஞ்சள் வெளிச்சம்தான் இதம். 6500 என்று போட்டிருப்பதைப் படுக்கையறையில் மாட்டினால் டாக்டர் வந்து நாடி பிடிப்பார் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

பெயிண்டும் அப்படித்தான். கடையில் தருகிற விரல் அகலச் சீட்டை நம்பவே நம்பாதே, அதே நிறம் சுவர் முழுக்க ஏறும்போது ரொம்ப அழுத்தமாகத் தெரியும். பெரிய அட்டையில் இரண்டு முறை பெயிண்ட் அடித்து, அதைக் காலையில் ஒரு சுவரிலும் ராத்திரி இன்னொரு சுவரிலும் சாய்த்துவைத்துப் பார். சும்மா வெள்ளை அடித்துவிட்டுக் குடிபோனால் இன்னும் உத்தமம்.

சமையலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று விற்கிறார்களே, அதற்கெல்லாம் பாட்டி என்று சொல்லத்தக்கது 1926-இல் ஃபிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வரைந்த சமையலறை. ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை எட்டு நடக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து அமைத்தது, சுமார் 10,000 வீடுகளில் வைத்தார்கள். அந்த அம்மாளுக்கு அதை வரைகிற காலத்தில் சமைக்கவே தெரியாதாம், பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. தெரியாததால்தான் எல்லாவற்றையும் அளந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆனால் குறையும் சொன்னார்கள்: உள்ளே ஓர் ஆள் நிற்கத்தான் இடம், சமைக்கிறவள் மற்றவர்களிடமிருந்து பிரிந்து தனியாக நிற்க வேண்டியதாகிவிட்டது. அளவு எல்லாம் சரிதான், யார் யார் சேர்ந்து சமைப்பார்கள் என்ற விஷயம் விட்டுப்போயிற்று. அதனால் உன்னிடம் கேட்கிறேன், உன் வீட்டில் யார் சமைப்பது? நீ மட்டுமா, அவருமா? இரண்டு பேர் என்றால் எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே 120 சென்டிமீட்டராவது வேண்டும், இல்லையென்றால் இடித்துக்கொண்டே இருப்பீர்கள். மேடை உயரம் யாரோ கம்பெனிக்காரர் வைத்திருக்கிற அளவாக இருக்க வேண்டாம். நேராக நின்று முழங்கையை மடக்கு, தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு என்று பார், அதிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே உன் மேடை. உனக்கும் அவருக்கும் உயர வித்தியாசம் அதிகம் என்பதால் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம், அழகு ஒன்றும் குறையாது.

வீட்டுக்காரர் வாய் திறந்தால்தான் நல்ல வீடு வரும் என்பதற்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரு சாட்சி நிற்கிறது. 1924-இல் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண், கணவரை இழந்தவர், மூன்று குழந்தைகள், கெரிட் ரீட்வெல்ட் என்ற மரவேலைக்காரரைக் கூப்பிட்டு வீடு கட்டித்தரச் சொன்னார். குழந்தைகள் தன்னோடு ஒரே இடத்தில் வளர வேண்டும், ஆனால் தூங்கும்போது அவரவருக்குத் தனி அறையும் வேண்டும். அதனால் மாடியில் நிலையான சுவரைத் தவிர்த்து நகர்த்துகிற தடுப்புகள் வைத்தார்கள்: பகலில் ஒரே கூடம், ராத்திரி தனித்தனி அறை. வரைந்தது யார் கேட்டது யார் என்று பிரிக்க முடியாதபடி இரண்டு பேரும் சேர்ந்தே செய்தார்கள். அந்த அம்மாள் 1985-இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். 2000-இல் அந்த வீட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். எனக்குப் பட்டியல் பெரிதில்லை, அறுபது வருஷம் ஒரு ஆள் தான் கேட்டு வாங்கிய வீட்டில் இருக்க முடிந்தது என்பதுதான் பெரிது.

உன் மகள் விஷயம். சிவில் என்ஜினியரிங் பாதியில் நிற்கும்போது இன்டீரியர் படிக்கப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், ஏதாவது புத்தி சொல் என்று எழுதியிருந்தாய். அந்தப் புத்தி உனக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கும் போல. இந்த வேலைக்கு நேர் வழியில் வந்தவர்கள் குறைவு. பாவா வக்கீலாக இருந்தவர், கட்டடக் கலையில் தேறி வரும்போது வயசு 38. ஐலீன் கிரே அயர்லாந்துக்காரி, பாரிஸில் ஒரு ஜப்பானியக் கைவினைஞரிடம் அரக்கு வேலை கற்றவர், கட்டடக் கலை படிக்கவே இல்லை. 1929-இல் கடலோரம் தன் முதல் வீட்டை முடித்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அந்த வீட்டுச் சுவர்களில் பிற்பாடு லெ கார்பூசியே என்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞர் கிரேயிடம் அனுமதி கேட்காமல் ஓவியம் தீட்டிவிட்டுப் போனது தனிக் கதை, நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும். ஷார்லோட் பெரியான் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் 1927-இல் அதே கார்பூசியேவிடம் வேலை கேட்டுப் போனபோது, இங்கே குஷனுக்குப் பூ வேலை செய்வதில்லை என்று திருப்பி அனுப்பினாராம். பெரியான் தன் சொந்த அறைக்காகச் செய்திருந்த அலுமினிய, நிக்கல் சாமான்களைக் கண்காட்சியில் வைத்தார், அதைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். படிப்பைவிட, தான் இருக்கிற அறையில் செய்துபார்த்தது அங்கே பேசியது.

மகளிடம் சொல், டிகிரியை முடிக்கட்டும், என்ஜினியரிங் வீணாகாது. அதற்கிடையில் அவள் அறையை அவளே அளந்து 1:50 அளவில், அதாவது 50 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராக, வரையட்டும், அப்புறம் லீவில் என்னிடம் வந்து பட்டறையில் நிற்கட்டும். 18 மில்லிமீட்டர் பலகையில் நடுவே தாங்கு கொடுக்காமல் நீளமான புத்தக அலமாரி செய்தால் கொஞ்ச நாளில் ஏன் தொய்கிறது, பிளைவுட்டின் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் ஏன் வளைகிறது, எம்டிஎஃப் என்கிற, மரநாரை அழுத்திச் செய்த பலகையின் வெட்டின ஓரத்தை மூடாமல் தண்ணீர்ப் பக்கம் வைத்தால் எப்படி உப்பிப் போகிறது, இதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் தெரியாது. பட்டறைத் தூசியும் பசை வாடையும் பிடித்துப் போனால் அவள் இந்த வேலைக்குத்தான் பிறந்தவள். பிடிக்கவில்லை என்றால் அதையும் அவளே சொல்லிவிடுவாள், நீயும் நானும் சொல்ல வேண்டியிருக்காது.

உன் வீட்டுக்கு இப்போது எனக்குத் தேவை மூன்று விஷயம். பிளான் வேண்டும், சுவர் அளவோடு. ஸ்டீல் டேப்பால் அள, தையல் டேப் இழுபடும். ஒவ்வொரு சுவரையும் கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அள, எந்தச் சுவரும் நேராக இருக்காது. அப்புறம், உன்னிடம் இருக்கிற சாமான் மொத்தத்தையும் அறை வாரியாக எழுது, அதில் யாருக்கும் வேண்டாதது எது என்று சண்டை போட்டு முடிவு பண்ணியபின் அனுப்பு. மூன்றாவது, வாங்கப் போகிற சோபா, கட்டில், சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் தரையில் மாஸ்கிங் டேப்பால் அதே அளவுக்கு ஒட்டிவை, நாற்காலிக்குப் பின்னால் 90 சென்டிமீட்டர் விட்டு. ஒரு வாரம் அந்தக் கோடுகளைச் சுற்றி நடந்து பார். எங்கே எல்லாரும் கோட்டை மிதிக்கிறார்கள் என்று போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன். உனக்கென்று தள்ளுபடி எல்லாம் கிடையாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி