கே.பி. நினைவு மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எங்கள் ஊர் நாடக நண்பர்கள் நடத்திய கே. பாலசந்தர் நினைவு மாலை நிகழ்ச்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. உதவிய எல்லோருக்கும் வணக்கமும் நன்றியும்.

பாலசந்தர் என்றாலே சினிமாவும் 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும்தான் பேச்சில் வரும். நாங்கள் மேடையையும் சின்னத்திரையையும் பேச ஆசைப்பட்டோம். பகலில் ஏ.ஜி. அலுவலகத்தில் (அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை, சாயங்காலம் ஒத்திகை என்று ஓடியவர் அவர். மெழுகுவர்த்தி, சர்வர் சுந்தரம், எதிர்நீச்சல் எல்லாம் அப்படிப் பிறந்த நாடகங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே நடிக்கும் எங்களுக்கு அவர்மேல் தனிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. 80 வயதைத் தாண்டியும் 'பௌர்ணமி', 'ஒரு கூடை பாசம்' என்று மறுபடி மேடைக்கே வந்தாரே!

முதல் நன்றி, நாங்கள் மேடையேற்றிய கே.பி.யின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் மேஜராக நடித்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு. பார்வையில்லாத அந்த மேஜர் அடைக்கலம் தருவது, தன் இளைய மகனைக் கொன்றவனுக்கு. மூத்த மகனோ போலீஸ் அதிகாரி. யார் யாரென்பது மேஜருக்குத் தெரியாது. பெரிய செட் எதுவும் வேண்டாம், ஒரு கூடம் போதும், சபை மூச்சுவிட மறந்துவிடும். நடிகர் சுந்தரராஜனுக்கு ஆயுள் முழுக்க 'மேஜர்' என்ற பட்டத்தைத் தந்த வேடம் இது. ஐயா ஓரிடத்திலும் குரலை உயர்த்தவில்லை. காலடிச் சத்தம் வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார், அவ்வளவுதான். முன்வரிசையில் அழுகைச் சத்தம் கேட்டது.

சின்னத்திரை பற்றிப் பேசிய அக்காவுக்கும் நன்றி. தூர்தர்ஷனில் 'ரயில் சினேகம்', பிறகு 'கையளவு மனசு' என்று கே.பி.யின் தொடர்களை அவர் சொல்லிக்கொண்டே போக, கூட்டம் கூடவே தலையாட்டியது. நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர் கே.பி.யின் மின்பிம்பங்கள் நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இளையவர்கள் பலருக்குப் புதுச் செய்தி.

அப்புறம், நாடக அனுமதிக்கு வழி சொன்ன வழக்கறிஞர் நண்பர், வாடகை வாங்காமல் மண்டபம் தந்தவர், பள்ளி முடிந்ததும் ஓடி வந்து லைட் பார்த்த தம்பிகள், ஒத்திகை நாட்களில் சுண்டலும் டீயும் கொடுத்தனுப்பிய தெருக்காரர்கள், உங்களையெல்லாம் மறக்க மாட்டோம்.

வரவு செலவுக் கணக்கை மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறோம். அடுத்து 'எதிர்நீச்சல்' எடுக்கலாம் என்றிருக்கிறோம். அதன் நாயகன் மாடிப்படி மாதுவாக நடிக்க விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு மாலை ஒத்திகைக்கு வாருங்கள்.